சேங்கொட்டை மை

தேர்தல் நெருங்கும்போது கருத்துக் கணிப்பு வரும் பத்திரிகைப் பக்கத்தை நான் படிப்பதில்லை. தனியாக உருவி எடுத்து, மீன் கழுவும் இடத்தில் விரித்துவிடுவேன். படித்துவிட்டாவது விரிக்கக் கூடாதா அத்தை என்று மருமகள் கேட்பாள். படிக்க என்ன இருக்கிறது? அந்தக் கணக்கு எப்படிப் பிறக்கிறது என்று பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். இத்தனை வருஷம் ஆகியும் நினைத்தால் குமட்டுகிறது.

நெருக்கடி நிலை கொஞ்சம் தளர்ந்து, பாராளுமன்றத்துக்குத் தேர்தல் என்று ரேடியோவில் அறிவித்த வருஷம் அது. எல்லையைத் தாண்டிக் கேரளத்துக்குள் இருக்கும் மீனாட்சிபுரத்தை ஒட்டிய கிராமம் எங்களுடையது. ரேஷன் கார்டு மலையாளத்தில் இருக்கும். வாயைத் திறந்தால் கோயமுத்தூர்ப் பேச்சு வரும். வயல் கேரளத்தில், சம்பந்தம் செய்த வீடுகள் பொள்ளாச்சியில். அப்பாவுக்குக் கொஞ்சம் மேட்டுக்காடு இருந்தது. நிலக்கடலையும் சோளமும் போடுவார். கறவை மாடுகள் இருந்தன. நான் கல்லூரி முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். ஜாதகம் மட்டும் ஊர் ஊராகப் போய் வந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் எறணாகுளத்திலிருந்து ஒருவர் வந்தார். மக்கள் யாருக்கு ஓட்டுப் போடுவார்கள் என்று முன்கூட்டியே கண்டுபிடித்துப் பத்திரிகைக்குக் கொடுக்கிற கம்பெனி ஒன்றின் சூப்பர்வைசர். எல்லைக் கிராமங்களில் மலையாளத்தில் கேட்டால் பெண்கள் உள்ளே போய்விடுகிறார்கள், அதனால் தமிழும் மலையாளமும் தெரிந்த பெண் ஒருத்தி வேண்டும் என்றார். அப்பா முதலில் முடியாது என்றுதான் சொன்னார். அந்த ஆள் தங்கியிருப்பது பண்ணாடி வீட்டில் என்று தெரிந்ததும் சரி என்றார்.

பண்ணாடி என்றால் எங்கள் பக்கம் பெரிய நிலக்காரர். எங்கள் ஊரில் அந்தப் பேருக்கு ஒரே ஒருவர்தான் இருந்தார். நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது மச்சினன், மாப்பிள்ளை, கொழுந்தியாள் மகன் என்று எல்லார் பெயரிலும் எழுதிவைத்துவிட்டுப் பழையபடியே எல்லாவற்றையும் தானே உழுதுகொண்டிருந்தார். பிறக்காத பேரன் பெயரிலும் ஒரு தோப்பு இருக்கிறது என்று ஊரில் கேலி பேசுவார்கள், அவர் காதில் விழாமல். அவர் எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். அதற்கு முந்தைய தேர்தலில் ஒரு பக்கம் இருந்தார், இந்தத் தேர்தலில் இன்னொரு பக்கம் இருந்தார். எந்தப் பக்கம் இருந்தாலும் தன் சாளைகளில் இருக்கிற ஓட்டெல்லாம் தன் மாட்டுத் தொழுவத்தில் கட்டியிருக்கிறது என்பதுதான் அவர் நினைப்பு.

சாளை என்று நாங்கள் சொல்வது, நிலத்தில் வேலை செய்கிறவர்கள் குடியிருக்கும் ஓலைக் குடிசையை. பண்ணாடி நிலத்து ஓரத்தில் வரிசையாக இருந்தன. கேரளச் சட்டப்படி, அப்படிக் குடியிருப்பவர்கள் மனுப் போட்டால் குடிசையும் அதைச் சுற்றிய பத்து சென்ட் நிலமும் அவர்களுக்கே சொந்தம். குடிகிடப்பு என்று அதற்குப் பெயர். சட்டம் என்னவோ நல்ல சட்டம்தான். ஆனால் மனுப் போட்டவன் மறுநாள் காலையில் அதே பண்ணாடியிடம்தான் வேலைக்குப் போய் நிற்க வேண்டும்.

சூப்பர்வைசரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டவர் என்று ஒரு வார்த்தையில் தள்ள முடியாத ஆள். அதுதான் எனக்கு ஆத்திரம். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத பேண்ட், யாரையும் அதட்டிப் பேசாத வாய். சயின்டிஃபிக் என்ற சொல்லை வைத்துக்கொண்டே பிழைத்தார். கேள்வி கேட்கும் விதம் சயின்டிஃபிக், வீடு தேர்ந்தெடுப்பது சயின்டிஃபிக், நான் பென்சிலைச் சீவினால் அதுகூட. அவருடைய கேள்விகளை எந்த ஊரிலோ யாரோ தமிழில் மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தார்கள். நடப்பு அரசின் செயற்பாட்டில் தங்கள் மனநிறைவின் அளவு யாது என்று ஒரு கேள்வி. அதை நான் எங்கள் ஊர்க் கிழவர்களிடம் படித்துக் காட்டினால் என்னைப் பேய் பிடித்ததா என்று பார்ப்பார்கள். ஏனுங்க, இப்ப இருக்கறவங்க நல்லாப் பண்றாங்களா இல்லீங்களா என்று மாற்றிக் கேட்டேன்.

கேட்டால் என்ன பதில் வரும்? எங்கள் பக்கம் வீட்டுக்கு வந்தவர் மனம் கோணப் பேசுவது கிடையாது. முதலில் மோர் வரும். அப்புறம், நீங்க எப்படிச் சொன்னாத் தேவலைங்க என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள். தோட்டக்கார வீடுகளில் ஆண்கள், எங்க ஊட்டு ஓட்டு பூரா ஒண்ணுதானுங்க என்று பொம்பளைகளுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். உள்ளே அடுப்படியில் இருக்கிறவளைக் கேட்கட்டுமா என்றால், அவளுக்கு என்ன தெரியும் என்று அவளையே சாட்சிக்குக் கூப்பிட்டுக் கேட்பார்கள். அவளும் ஆமாம் எனக்கு ஒன்றும் தெரியாது என்பாள். சூப்பர்வைசர் அதையும் தாளில் ஒரு கட்டத்துக்குள் குறித்துக்கொள்வார்.

சாளைப் பக்கம் போனால் வேறு கதை. முந்தின வருஷம் இதே மாதிரி தாளும் பென்சிலுமாக வந்தவர்கள், யார் யாருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பின்னாலேயே ஆண்களை ஆபரேஷனுக்குப் பிடித்துப்போகக் குடும்பக் கட்டுப்பாட்டு ஜீப் வந்தது. அதனால் எங்களைக் கண்டதும் ஆண்கள் சோளக்காட்டுக்குள் புகுந்துவிட்டார்கள். காலி குடிசைகளின் முன்னால் நின்று சூப்பர்வைசர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

அங்கே ஓடாமல் நின்றவள் அக்கா ஒருத்திதான். எங்கள் காட்டுக்கும் கடலை பறிக்க வருவாள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அதற்கு வீட்டில் திட்டும் வாங்கியிருக்கிறேன். கூலிக்கு வருகிறவளை முறை வைத்துக் கூப்பிடக் கூடாதாம். அவள் புருஷன்தான் அந்த வரிசையில் முதன்முதலாகக் குடிகிடப்புக்கு மனுப் போட்டவர். நெருக்கடி நிலை வந்தது. தேங்காய் திருடினார் என்று பண்ணாடி வீட்டிலிருந்து ஒரு வார்த்தை போயிற்று. ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். திரும்பி வந்த மனுஷன் இடுப்பை நிமிர்த்தவே இல்லை. மழைக்காலம் முழுக்கப் படுத்துக்கிடந்தே செத்துப்போனார். கேட்க நாதியில்லை. ஊரில் எல்லாருக்கும் தெரியும், எங்கள் அப்பா உட்பட. அந்த வருஷமும் பண்ணாடி கிணற்றுத் தண்ணீரில்தான் எங்கள் கடலை விளைந்தது.

அன்றைக்கு சூப்பர்வைசர் தள்ளிப் போய் நிழலில் நின்ற நேரம் பார்த்து, அக்கா என்னிடம் ரகசியமாகக் கேட்டாள்.

"ஏனுங்க அம்மிணி, ஓட்டுப் போடற மறைப்புக்குள்ளார பண்ணாடி ஆளுக ஆராச்சும் வருவாங்களா?"

யாரும் வரக் கூடாது, வர முடியாது என்று சொன்னேன்.

"அப்பச் செரீங்க. எம்பட மனுசனுக்காக ஒரு குத்துக் குத்தீட்டு வந்தர்றனுங்க. அவுரு கையில முத்திரையக் குடுத்திருந்தா எங்க குத்தியிருப்பாரோ, அங்க. எனக்கு அது போதுமுங்க."

அந்த முகத்தை நான் மறக்கவில்லை. அழவில்லை, கோபம்கூட இல்லை. பண்டிகைக்கு ஊருக்குப் போகிறவள் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொள்வது போல இருந்தாள். அவளுக்கு எதிர்பார்க்க அந்த ஒன்றுதான் இருந்தது. மனு எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. ஓட்டு ஒன்றைத்தான் யாரும் பிடுங்க முடியாது என்று நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சூப்பர்வைசருக்கு வெயிலில் நடந்து அலுத்துவிட்டது. ஆட்கள் வேறு கண்ணில் அகப்படவில்லை. அன்று சாப்பாட்டின்போது பண்ணாடியிடம் குறைப்பட்டிருக்கிறார். பண்ணாடி, நீங்கள் எதற்கு அலைகிறீர்கள், எல்லாரையும் களத்துக்கு வரச் சொல்கிறேன், உட்கார்ந்த இடத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள் என்றாராம். மறுநாள் காலையில் கடலை காயப்போடுகிற களத்தில் நாற்காலி, மேசை, மேசைக்கு ஒரு விரிப்பு எல்லாம் தயாராக இருந்தன. கொஞ்சம் தள்ளி வேப்பமர நிழலில் பண்ணாடியின் காரியஸ்தன் ஒரு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். கணக்கு வழக்கு, கூலி, தண்ணீர் முறை, யார் சாளை காலியாக வேண்டும் என்பது வரை எல்லாம் பார்ப்பது அவன்தான்.

அவன் காது கேட்கிற தூரத்தில் ஆட்களை வைத்துக்கொண்டு ஓட்டு யாருக்கு என்று கேட்பது என்ன கணிப்பு என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். சேர வேண்டிய ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள், ஆணும் பெண்ணும் சரிபாதி வந்துவிட்டது, சயின்டிஃபிக்காக இதில் குறையே இல்லை என்றார். நான் போய் மேசையில் தாளை எடுத்து வைத்தேன். ஆட்கள் ஒவ்வொருவராக மேசைக்கு வந்தார்கள், மண்ணைப் பார்த்துக்கொண்டு பண்ணாடியின் வேட்பாளர் பெயரைச் சொன்னார்கள், போனார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்வதைப் போல ஒரே ராகம். அக்காவும் சொன்னாள். சொல்லும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதில் சிரிப்பு இருந்தது; மறைப்புக்குள் யாரும் வர முடியாது என்று நான் சொன்னதை நம்பிய சிரிப்பு.

வந்தவர்களுக்கு சாயாவும் பருப்பு வடையும் பண்ணாடி வீட்டுச் செலவில் கொடுத்தார்கள். அதனால் சில பேர் சுற்றிக்கொண்டு மறுபடியும் வரிசையில் நின்றுவிட்டார்கள். அதற்காக அவர்களை எப்படிக் குறை சொல்வது? ஆனால் சூப்பர்வைசருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரே ஆளை இரண்டு தடவை எழுதினால் கணக்கு கெட்டுவிடும், ஏதாவது அடையாளம் வைக்க வேண்டும், மை இருக்கிறதா என்று கேட்டார். என் பேனா மையைக் கொடுத்தேன். கழுவினால் போய்விடும் என்றார்.

கட்டிலிலிருந்து காரியஸ்தன் எழுந்து வந்தான்.

"மை எதுக்குங்க சார்? துணிக்குக் குறி வெக்கற சேங்கொட்டை இருக்குது. எலெக்‌ஷன்ல வெக்கறாப்ல எடது கை சுட்டு வெரல்ல ஒரு பொட்டு வெச்சாப் போச்சு. எத்தன தேச்சாலும் போவாது."

சேங்கொட்டை என்பது ஒரு காட்டுக் கொட்டை. அதைக் குத்தினால் தார் மாதிரி ஒரு பால் வரும். துணி வெளுக்கிறவர்கள் எந்த வீட்டுத் துணி என்று தெரிவதற்கு அதைத் தொட்டு ஓரத்தில் குறி வைப்பார்கள். துணி கிழிந்தாலும் குறி போகாது. தோலில் பட்டால் பொங்கிவிடும். இது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். வரிசையில் நின்ற ஒரு பெரியவர், புண்ணாகிவிடுமே என்று முனகினார். சுண்ணாம்பு கலந்திருக்கிறது, ஒன்றும் ஆகாது என்று காரியஸ்தன் சொன்னான். சூப்பர்வைசருக்கு அந்தக் கொட்டையின் மேல் ஒரே வியப்பு. கையில் வாங்கிப் பார்த்து, இயற்கையிலேயே இப்படி ஒரு மையா என்று குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். முன்பே பதில் சொல்லிவிட்டு சாயாவுக்கு நின்றவர்களையும், அக்கா உட்பட, திரும்பக் கூப்பிட்டு, ஒரு குச்சியால் தொட்டு காரியஸ்தனே ஒவ்வொருவர் விரலிலும் நகத்தையும் தோலையும் சேர்த்து வைத்தான்.

தேர்தல் வருகிறதே, இது இருந்தால் குழப்பம் ஆகாதா என்று நான் கேட்டதற்கு, அதற்குள் போய்விடும், சோப்புப் போட்டால் போதும் என்றார் சூப்பர்வைசர். சோப்பு. சாளையில் சீயக்காய்க்கே வழியில்லை. இன்னொன்றையும் அன்றைக்குப் பார்த்தேன். அர்த்தம் பின்னால்தான் விளங்கியது. பண்ணாடியின் தொழுவத்து ஆட்கள், வீட்டு வேலைக்காரர்கள், வண்டியோட்டிகள் வந்தபோது, நீங்கள் எல்லாம் நம்ம ஆளுக, நீங்கள் எதற்கு என்று காரியஸ்தன் அவர்களைக் குறி வைக்காமலே அனுப்பினான். குறி விழுந்தது சாளைக்காரர்களுக்கு, அதிலும் மனுப் போட்டவர்கள் யாரையும் அவன் விடவில்லை.

சூப்பர்வைசர் தாள்களைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனார். அக்காவின் விரல் மறுநாளே வீங்கிவிட்டது. எங்கள் காட்டில் வேலை செய்யும்போது வாய்க்கால் தண்ணீரில் விரலை முக்கி முக்கி எடுத்தாள். நான் தேங்காயெண்ணெய் கொடுத்தேன். வீக்கம் வடிந்தது, கறுப்பு அப்படியே நின்றது. கவர்மெண்டு வேலையென்றால் இப்படித்தான் ஏதாவது வலிக்கும் என்பது போல அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஓட்டுப் பதிவு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடந்தது. நான் அம்மாவோடு போய்ப் போட்டுவிட்டு, வெளியே புளியமரத்தடியில் அக்காவுக்காக நின்றேன். அவள் துவைத்த சேலை கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து வந்தாள். புருஷன் செத்த பிறகு அவளை அப்படிப் பார்த்ததில்லை. சாளைப் பெண்கள் நாலைந்து பேர் கூட வந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்பே பண்ணாடியின் வண்டிகளில் தொழுவத்து ஆட்கள் வந்து இறங்கினார்கள். அவர்கள் விரல்கள் எல்லாம் சுத்தமாக இருந்தன. களத்தில் அவர்களைக் குறி வைக்காமல் அனுப்பியது எதற்கென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அக்கா உள்ளே போனாள். நான் ஜன்னல் ஓரம் போய் நின்றேன். பெயர் சொன்னாள், சரிபார்த்தார்கள். மை வைக்க விரலை நீட்டினாள். பெஞ்சில் பண்ணாடியின் வேட்பாளருக்கு ஏஜெண்டாக உட்கார்ந்திருந்தது யார் தெரியுமா? அதே காரியஸ்தன். நெற்றியில் திருநீறு, சட்டையில் பேட்ஜ்.

"சார், வெரலப் பாத்துட்டுக் குடுங்க. அந்தப் பக்கம் போட்டுப்போட்டு வந்திருக்குது."

எங்கள் பக்கம் இது ஒன்றும் புதிதல்ல. எல்லையின் இரண்டு பக்கமும் பெயர் வைத்துக்கொண்டு இரண்டு இடத்திலும் ஓட்டுப் போடுகிறவர்கள் உண்டு. அந்த வருஷம் அதைப் பிடிக்க வேண்டும் என்று அதிகாரிகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சாவடி அதிகாரி மேற்கிலிருந்து வந்த ஒரு மனுஷர். எங்கள் பேச்சு அரைகுறையாகத்தான் புரியும், எங்கள் ஊரும் தெரியாது. அக்காவின் விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஈரத் துணியால் தேய்த்தார். போகவில்லை.

"இது ஓட்டு மையில்லீங்க சாமி. பண்ணாடி களத்துல வெச்சதுங்க" என்றாள் அக்கா.

"களத்துல எவனாச்சும் வெரல்ல மை வெப்பானா?" என்று காரியஸ்தன் அதிகாரியைப் பார்த்துச் சிரித்தான். அதிகாரியும் கொஞ்சம் சிரித்தார்.

நான் உள்ளே நுழைந்துவிட்டேன். மலையாளத்தில் எல்லாவற்றையும் சொன்னேன்: கருத்துக் கணிப்பு நடந்தது, நான்தான் கேள்வி கேட்டேன், இது சேங்கொட்டை, வைத்ததே இந்த ஆள்தான் என்று. என் குரல் உயர்ந்துவிட்டது. அதிகாரி என்னை வெளியே போகச் சொன்னார். விரலில் குறி இருந்தால் ஓட்டுச் சீட்டுக் கொடுக்கக் கூடாது என்பதுதான் விதி, எதனால் வந்த குறி என்று விசாரிக்க எனக்கு அதிகாரம் இல்லை, புகார் இருந்தால் எழுதி மேலே அனுப்புங்கள் என்றார். அவர் கண்ணிலேயே தெரிந்தது, நான் சொன்னதை அவர் நம்பிவிட்டார் என்று. நம்பிவிட்டும் அவர் விதியைத்தான் சொன்னார். அந்தக் காலத்தில் எல்லாரும் ஏதாவது ஒரு விதிக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்ளப் பழகியிருந்தார்கள்.

எதிர்ப்பக்க வேட்பாளருக்கும் ஏஜெண்டு ஒருவர் இருந்தார். அவர் எழுந்தார், அந்தம்மா சொல்வதையும் கேட்கலாமே என்று ஆரம்பித்தார். காரியஸ்தன் திரும்பிப் பார்த்தான். அந்த ஏஜெண்டு பண்ணாடியின் தென்னந்தோப்பைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்திருந்தவர். தொண்டையைச் செருமிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு அங்கேயே காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. துப்பவில்லை, படித்த பெண்ணல்லவா?

சாளைப் பெண்கள் ஒருத்தி விடாமல் திரும்பி வந்தார்கள். ஆண்கள் விஷயம் கேள்விப்பட்டு வரிசையிலிருந்தே கலைந்துபோனார்கள். அக்கா புளியமரத்து வேரில் உட்கார்ந்து விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் விரலில் சர்க்கார் மை, அவள் விரலில் சேங்கொட்டை. இரண்டும் ஒரே கறுப்பாகத்தான் இருந்தன.

"நாளைக்கு வந்தாப் போடலாமுங்களா அம்மிணி?" என்று கேட்டாள்.

முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. சரி என்று தலையாட்டினாள். சேலைத் தலைப்பில் விரலை மூடிக்கொண்டு எழுந்து போனாள்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் குதித்தேன். புகார் எழுதப் போகிறேன் என்றேன். உனக்கு எதற்கு அம்மிணி ஊர் வம்பு, வைகாசிக்குள் உன் கல்யாணம் முடிய வேண்டும் என்றார். எழுதினேன். தபாலிலும் போட்டேன். எங்கே போயிற்றோ, அக்காவின் புருஷன் போட்ட மனு போன இடத்துக்கே போயிருக்கும்.

பண்ணாடியின் வேட்பாளர் ஜெயித்தார். எங்கள் சாவடியில் நடந்ததால்தான் ஜெயித்தார் என்று சொல்ல மாட்டேன். நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தார், அந்த ஓட்டுகள் இல்லாமலும் ஜெயித்திருப்பார். அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பு. தேவையே இல்லாமல் பிடுங்கினார்கள். எல்லைக் கிராமங்களின் மனநிலையைக் கணிப்பு துல்லியமாகப் படம் பிடித்தது என்று கம்பெனியைப் பாராட்டிப் பத்திரிகையில் வந்தது. பண்ணாடி அதை ஆளனுப்பி எங்கள் வீட்டுக்குக் கொடுத்துவிட்டிருந்தார், உங்கள் பெண்ணும் உழைத்தாளே என்று. அப்பாவுக்குப் பெருமை. நான் அதை அடுப்பில் வைத்தேன். பத்திரிகைப் பக்கத்தை நான் படிக்காமல் ஒழித்துக்கட்டும் பழக்கம் அன்றைக்குத் தொடங்கியது.

இதோடு முடிந்திருந்தால்கூட ஒருவேளை காலப்போக்கில் ஆறியிருப்பேன். சூப்பர்வைசர் திரும்பி வந்தார். அதே வெள்ளைச் சட்டை. முன்னால் கேட்டவர்களையே மறுபடி கேட்டு, சொன்னபடி ஓட்டுப் போட்டார்களா என்று சரிபார்க்க வேண்டுமாம், அதுவும் சயின்டிஃபிக். நான் வருகிறேன் என்றேன். அவருக்கு மகிழ்ச்சி. நடந்ததை நான் வழியில் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவர் அதை அக்காவின் வாயிலிருந்தே கேட்க வேண்டும், அந்த முகம் கொஞ்சமாவது சுருங்குவதை நான் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அக்கா சாளை முன்னால் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். மரியாதைக்கு ஒன்றும் குறைவில்லை. முதல் கேள்வி: ஓட்டுப் போட்டீர்களா? நான் தமிழில் கேட்டேன். அக்கா என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். இடது கையை நீட்டினாள். தோல் உரிந்து புதுத் தோல் வந்த இடத்தைச் சுற்றி, நகத்தில் கறுப்பு அப்படியே நின்றிருந்தது.

அவர் அதைப் பார்த்தார். நன்றி என்றார். குனிந்து, ஓட்டுப் போட்டார் என்ற கட்டத்தில் டிக் அடித்தார்.

அப்போதுதான் நான் எல்லாவற்றையும் கொட்டினேன். இது உங்கள் கணிப்புக்காகக் களத்தில் வைத்த குறி, இந்தக் குறியால்தான் இவளுக்குச் சீட்டுக் கொடுக்கவில்லை, இவள் ஓட்டே போடவில்லை என்றேன். அவர் சங்கடப்பட்டார், இல்லையென்று சொல்ல மாட்டேன். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தாளைப் பார்த்தார். அடித்துத் திருத்தினால் மேலே கேள்வி கேட்பார்கள், ஒருவரால் மொத்தக் கணக்கு ஒன்றும் மாறிவிடாது என்றார். பிறகு, மன்னித்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று என்னிடம் மலையாளத்தில் சொல்லிவிட்டு, அடுத்த கட்டத்தில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார். யாருக்குப் போட்டீர்கள் என்பது அடுத்த கேள்வி.

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. என்ன கேட்கிறார் என்று அக்காவே கேட்டாள். சொல்லாமல் இருக்க முடியவில்லை, சொன்னேன். அவள் மறுபடி குனிந்து மிளகாயைக் கிளறிவிட ஆரம்பித்தாள்.

"அதையும் அவுரையே எழுதிக்கச் சொல்லுங்க அம்மிணி. போன தடவையும் அவுங்களேதானுங்க எழுதுனாங்க."